வௌவால் பிள்ளை

சுரங்கக் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர்கள் எங்கே சந்தித்துக்கொண்டாலும் முதலில் பெயரைக் கேட்பதில்லை, எந்த பிளாக் என்றுதான் கேட்போம். பிளாக்கைச் சொன்னால் போதும். அப்பாவுக்கு என்ன வேலை, வீட்டில் எத்தனை அறை, வாசலில் நிற்பது மாமரமா பலாமரமா என்பது வரைக்கும் தெரிந்துவிடும். என் வயதை ஒத்தவர்களே, உங்களில் யாருக்காவது அந்த வௌவால் பிள்ளை படம் நினைவிருக்கிறதா? பஜாரில் சிடி கடை வைத்திருந்தவர் ஒரே தட்டில் நான்கு படம் என்று வாடகைக்குக் கொடுப்பாரே, அதில் ஒன்று. உங்களுக்கும் இப்போது காதோரம் ஒன்றிரண்டு நரைத்திருக்கும். சாயம் பூசியிருந்தால் சொல்ல வேண்டாம், நானும் சொல்லப் போவதில்லை.

படத்தின் பெயர் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள முயன்றதும் இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் ஒருத்தியின் வாழ்க்கை அந்தப் படத்தால் திசை மாறியது. நியாயமாகப் பார்த்தால் படத்துக்கு அதில் ஒரு பங்கும் கிடையாது. வீட்டில் யாரும் நியாயமாகப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

கதை இதுதான். ஏதோ ஒரு தீவில் ஒரு விஞ்ஞானி இருக்கிறார். இருட்டில் சண்டை போடும் சிப்பாய்களை உண்டாக்க வேண்டும் என்று வௌவாலின் மரபணுவை எடுத்து மனிதக் கருவோடு சேர்க்கிறார். கண்ணாடித் தொட்டிக்குள் ஒரு பிள்ளை வளர்கிறது. கண் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தோல். காது மட்டும் பெரியது, அரச இலை அளவுக்கு. அது வாயைத் திறந்து கத்தினால் கண்ணாடியெல்லாம் பொடியாகும், எதிரில் நிற்பவனின் காதிலிருந்து ரத்தம் வழியும். அந்த இங்கிலீஷ் படத்தைத் தமிழில் பேச வைத்தவர்கள் மட்டும் எதற்கும் பயப்படவில்லை. வெள்ளைக் கோட்டு போட்ட விஞ்ஞானி, தொட்டி உடைந்து கிடக்கும்போது உதவியாளரைப் பார்த்து, "இன்னா நைனா, பார்ட்டி முழிச்சிக்கிச்சா?" என்று கேட்பார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம்.

அதை எடுத்து வந்தது அக்கா. ப்ளஸ் டூ பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்தாள். பயாலஜி அவளுக்கு உயிர். அட்டையில் 'மரபணு' என்று எழுதியிருந்ததைப் பார்த்துத்தான் அந்தத் தட்டை எடுத்தாளாம். மற்றவர்கள் அட்டையில் கதாநாயகியைப் பார்ப்பார்கள்.

மரபணு என்றால் என்ன என்று நான் கேட்டதற்கு, அவள் வளையல் டப்பாவைக் கொண்டுவந்து தரையில் கொட்டினாள். பச்சை ரெக்ஸின் ஒட்டிய தகர டப்பா, மூடியில் சின்னக் கண்ணாடி. அந்த டப்பா எங்கே போயிற்று என்று இன்றுவரை தெரியவில்லை.

"ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு வளையல் நமக்கு. ஒண்ணு அம்மா குடுக்கறது, ஒண்ணு அப்பா குடுக்கறது. ஒண்ணு விரிசலா இருந்தாலும் இன்னொண்ணு முழுசா இருந்தா வெளிய தெரியாது. ரெண்டுமே விரிசலா வந்துட்டாதான் கோளாறு."

"ரெண்டும் எப்படிக்கா விரிசலா வரும்?"

"எப்பவாச்சும்தான் வரும். ஆனா ரெண்டு பேரும் ஒரே டப்பாலருந்து எடுத்துக் குடுத்தா அடிக்கடி வரும்."

எனக்கு அது அப்போது புரியவில்லை. வளையலை மாட்டிக்கொண்டு போய்விட்டேன்.

எங்கள் வீடு ஒரே டப்பா. அப்பா அம்மாவுக்குத் தாய்மாமன், அதாவது தன் சொந்த அக்கா மகளைத்தான் கட்டிக்கொண்டார். கல்யாணத்துக்கு முன்னாலும் அம்மா அவரை மாமா என்றாள், பின்னாலும் மாமா என்றாள். அம்மாவின் தம்பி, எங்கள் சின்ன மாமா, எனக்கு அம்மா வழியில் மாமன், அப்பா வழியில் அத்தை மகன். கல்யாணப் பத்திரிகையில் பெயர் போடும்போது உறவுமுறை எழுத இடம் போதாது என்று அப்பாவே சொல்லிச் சிரிப்பார். அது அவருக்குப் பெருமை. சொத்து வெளியே போகவில்லை, சண்டை வெளியே தெரியவில்லை, பெண் கண் கலங்கினால் கேட்க ஆள் உண்டு. நம்மில் பாதிப் பேர் வீட்டில் இதே கதைதான், இல்லை என்று சொல்லாதீர்கள்.

அந்தக் கோடையில் அம்மா மாசமாக இருந்தாள். எனக்குப் பிறகு பல வருஷம் கழித்து. காலேஜ் போகப் போகும் பெண்ணை வைத்துக்கொண்டு இது என்ன என்று பிளாக்கில் பேசிக்கொண்டார்கள். அக்கா வெட்கப்பட்டு ரேஷன் கடைக்குப் போவதையே நிறுத்திவிட்டாள். அப்பாவுக்கு மட்டும் ஆண் குழந்தை ஆசை விடவில்லை.

படம் போட்டது மத்தியானம். அப்பா முதல் ஷிப்ட் போயிருந்தார். எங்களிடம்தான் டிவிடி பிளேயர் இருந்தது என்பதால் பிளாக் பிள்ளைகள் எல்லாம் எங்கள் கூடத்தில்தான். ஃபேன் சத்தம், பிள்ளைகள் சத்தம், அதற்கு மேல் கேட்க வேண்டும் என்று டிவியின் சத்தத்தை முழுசாக வைத்திருந்தோம். பண்ருட்டியிலிருந்து சின்ன மாமா கொண்டுவந்து போட்ட பலாப்பழம் வீடு முழுக்க மணத்தது. அம்மா கையில் எண்ணெய் தடவிக்கொண்டு சுளை எடுத்து, தட்டில் வைத்து எங்களுக்குக் கொண்டுவந்தாள். அவள் கூடத்துக்குள் கால் வைக்கவும் தொட்டி உடைந்து அந்தப் பிள்ளை கத்தவும் சரியாக இருந்தது.

அம்மாவும் கத்தினாள். தட்டு விழுந்தது. சுளைகள் கட்டிலுக்கு அடியில் வரைக்கும் ஓடின. எங்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அம்மாவும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். "அடிப் பாவிங்களா, உள்ள இருக்கறது எட்டி உதைக்குது பாரு" என்று அக்காவின் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்தாள். அக்கா கொஞ்ச நேரம் கையை எடுக்காமலே நின்றாள். வெட்கமெல்லாம் அந்த நிமிஷத்தோடு போய்விட்டது என்று நினைக்கிறேன்.

பாதிப் படத்தில் அப்பா ஷிப்ட் முடிந்து வந்துவிட்டார்.

"என்னா சத்தம் இது? மெயின் ரோடு வரைக்கும் கேக்குது. மனுசன் மிஷின்கிட்ட கத்தல் கேட்டுக்கினு வந்தா வூட்லயும் கத்தலா?"

சுவிட்சை அணைத்தார். பிள்ளைகள் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினார்கள். சாயங்காலமே சிடியைக் கடையில் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. அந்தப் படத்தின் முடிவு எங்களில் யாருக்கும் தெரியாது.

அக்காவுக்கு நல்ல மார்க். சிதம்பரத்தில் மைக்ரோபயாலஜி சேர்ந்தாள். தினமும் சேத்தியாத்தோப்பு வழியாகப் பஸ். மழைக்காலம் தொடங்கும் முன்பே தம்பி பிறந்தான். கொழுகொழு என்று, தலை நிறைய முடியோடு. அழுவான், சிரிப்பான், பால் குடித்தால் தூங்குவான். தீபாவளிக்குப் பக்கத்து வீட்டில் ஆட்டம் பாம் வெடித்தார்கள், தம்பி அசையவில்லை. "எவ்ளோ சமத்து பாரு" என்றாள் அம்மா. "ஆம்பளப் புள்ளடி, பயம்னா என்னான்னே தெரியாது" என்றார் அப்பா.

அந்த வருஷக் கடைசியில்தான் 'தானே' புயல். உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மரங்கள் எல்லாம் சாய்ந்தன, எங்கள் வாசல் பலாமரம் சைக்கிள் ஷெட்டின் மேல் விழுந்து தகரத்தைச் சுருட்டியது. ஊருக்கெல்லாம் கரண்ட் கொடுக்கிற ஊரில் நாம் மெழுகுவத்தி வாங்க வரிசையில் நின்றோம். பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்புகள் படுத்துவிட்டன என்று சின்ன மாமா வந்து சொன்னார். அவ்வளவு சத்தத்திலும் தம்பி எழுந்திருக்கவில்லை என்பதை அம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். கேட்டவர்கள் எல்லாரும் திருஷ்டி கழிக்கச் சொன்னார்கள்.

ஒருவர் மட்டும் சொல்லவில்லை. எதிர்வீட்டில் சர்ச்சுக்குப் போகிற டீச்சர் ஒருவர் இருந்தார். தம்பியைத் தூக்கி வைத்துக்கொண்டு, அவன் பார்க்காதபடி பின்னால் சாவிக்கொத்தை ஆட்டினார். அவன் டீச்சரின் சங்கிலியைப் பிடித்து விளையாடிக்கொண்டே இருந்தான். மறுபடியும் ஆட்டினார்.

"தப்பா நெனைக்காதீங்கக்கா. ஒரு தடவ பாண்டிச்சேரில காட்டிடுங்க. ஒண்ணும் இருக்காது. இருந்தாலும் காட்டிடுங்க."

அம்மா டீச்சரோடு கொஞ்ச நாள் பேசவில்லை. பிறகு அவளே சமையல்கட்டில் அவன் தலைமாட்டில் நின்று சோற்றுக் குண்டானைத் தரையில் போட்டுப் பார்த்தாள். ஒரு முறை போட்டாள். எடுத்துத் திரும்பவும் போட்டாள். நான் கதவோரம் நின்றிருந்தேன். என்னைப் பார்த்ததும், "கை தவறிடுச்சி" என்றாள்.

பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் தம்பியைத் தூங்க வைத்து, நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒயர் ஒட்டி, கம்ப்யூட்டரில் கோடு ஓடுகிறதா என்று பார்த்தார்கள். டாக்டரம்மா எங்கள் எல்லாரையும் உட்கார வைத்தார். இரண்டு காதும் பிறவியிலேயே கேட்கவில்லை என்றார். பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"நெருங்கின சொந்தத்துல கல்யாணமா?"

"ஆமாங்க. எங்க அக்கா பொண்ணு" என்றார் அப்பா, வழக்கமான பெருமையோடு.

"அதனால வந்திருக்க வாய்ப்பு அதிகம். பெரிய பொண்ணுங்க ரெண்டு பேருக்கும் வரல. இவனுக்கு வந்திடுச்சு."

"எங்க வம்சத்துல காது கேக்காதவங்க ஒருத்தர் கூட கெடையாதுங்க."

டாக்டரம்மா என்னென்னவோ விளக்கினார். அப்பா தலையை ஆட்டினார். அக்கா மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தாள் என்று இப்போது தோன்றுகிறது. அவள் முகத்தைத் திருப்பிச் சுவரில் மாட்டியிருந்த காதுப் படத்தைப் பார்த்தாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா தன் காதைத் தேய்த்துக்கொண்டே வந்தார். அவர் சுரங்கத்தில் கன்வேயர் ஆபரேட்டர், நாளெல்லாம் இரைச்சலுக்குப் பக்கத்தில் நிற்கிற வேலை. அவர் செட்டில் பாதிப் பேர் வீட்டில் கத்தித்தான் பேசுவார்கள், அவரும் அப்படித்தான். காது என்றால் சத்தத்தால் கெடுவது, அவருக்குத் தெரிந்தது அது. பண்ருட்டி தாண்டியதும் அம்மாவின் பக்கம் திரும்பினார்.

"மாசமா இருக்கும்போது பெரிய சத்தம் எதுனா கேட்டியா?"

அம்மா யோசித்தாள். எங்கள் சீட்டைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு சொன்னாள், "அன்னைக்கு ஒரு படம் போட்டாங்களே மாமா. அது கத்துச்சு. வயித்துல புள்ள தூக்கிப் போட்டுது."

"அதான். மலை மாதிரி ஆளு, எங்க காதே மந்தமாவுது. பிஞ்சுக் காது எப்படித் தாங்கும்? படத்துலயே காதுல ரத்தம் வந்துதுன்னு சின்னவ சொன்னாளே."

நான்தான் சொல்லியிருந்தேன், படம் பார்த்த அன்றைக்கே, சிரிப்புக்காக. அக்கா தம்பியை மடியில் வைத்திருந்தாள். குனிந்து அவன் குல்லாவின் நாடாவை அவிழ்த்து மறுபடியும் கட்டினாள்.

அப்பா அவளைத் திட்டவில்லை. அடிக்கவும் இல்லை. டிவிடி பிளேயரைப் பழைய புடவையில் சுற்றிப் பரண் மேல் வைத்தார். அதன் பிறகு, தம்பியைக் கூப்பிட்டு அவன் திரும்பாதபோதெல்லாம் அப்பா அக்காவை ஒரு பார்வை பார்ப்பார். பார்த்துவிட்டுப் பேப்பரைப் பிரிப்பார். சொந்தக்காரர்கள் வந்தால் அம்மா அந்தப் படத்தின் கதையைச் சொல்வாள். சொல்லச் சொல்ல அதில் வௌவால் பெரிதாகிக்கொண்டே போனது.

ஒரு நாள் அக்கா பேசிப் பார்த்தாள். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"அம்மா, டாக்டர் சொன்னாங்கல்ல. படத்தால இல்லம்மா. அது பொறக்கும்போதே அப்படித்தான். சொந்தத்துல கட்டினா..."

அம்மா களைவதை நிறுத்தினாள். "அப்ப நானும் உங்கப்பனும் சேந்துதான் எம்புள்ள காத அறுத்தோமா? அதான் சொல்ல வரியா?"

"இல்லம்மா."

"நான் போட்ட சோத்தத் தின்னுட்டு, நான்தான் பண்ணேன்னு சொல்றியா? சொல்லு. நான் கெணத்துலயே வுழுந்துடறேன்."

அம்மா அழவில்லை. அவள் கை அரிசித் தண்ணீருக்குள்ளேயே இருந்தது, ஒரு பிடி அரிசியை இறுக்கிப் பிடித்திருந்தது. அக்கா அந்தக் கையைத்தான் பார்த்தாள்.

"சரிம்மா. படம்தான். நான் சத்தமா வெச்சிருக்கக் கூடாது."

அப்போது எனக்கு அக்காவின் மேல் எரிச்சல் வந்தது. வளையலைக் கொட்டி அவ்வளவு தெளிவாகச் சொன்னவள் இப்படிப் பல்டி அடிக்கிறாளே என்று. பழியை யாராவது ஒருவர் தலையில் ஏற்றித்தான் ஆக வேண்டும், அம்மா தலை தாங்காது என்று அவள் எடை போட்டிருக்கிறாள். அவளுக்கு அப்போது பதினெட்டு.

காலேஜ் ஒரு வருஷத்தோடு நின்றது. தம்பியைக் கடலூருக்குப் பேச்சுப் பயிற்சிக்குத் தூக்கிக்கொண்டு போக ஆள் வேண்டியிருந்தது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை, அவளே நின்றுகொண்டாள். அடுத்த தை மாதம் சின்ன மாமாவுக்கும் அவளுக்கும் கல்யாணம். வெளியே கொடுத்தால் இந்தப் பிள்ளையைப் பின்னால் யார் பார்ப்பார்கள், தன் தம்பி என்றால் வீட்டோடு இருப்பான் என்றாள் அம்மா. முறைப்பெண்தானே என்றார் அப்பா. அக்கா சரி என்றாள். டாக்டரம்மா சொன்னதை அந்த வீட்டில் ஒருவரும் எடுத்துப் பேசவில்லை. தெரிந்த ஒருத்தி கழுத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் புதுப் பாவாடை கட்டிக்கொண்டு சந்தனக் கிண்ணத்தோடு வாசலில் நின்றேன். அந்த நாளை நினைத்தால் எனக்கு அழுகை வருவதில்லை. மரத்துப்போன காலில் எறும்பு ஊர்வது போல ஏதோ ஒன்று, அவ்வளவுதான்.

சின்ன மாமாவைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. காண்ட்ராக்ட்டில் வெல்டிங் வேலை. பெர்மனன்ட் ஆகிவிடும், ஆகிவிடும் என்று எல்லாரும் சொன்னார்கள், ஆகவில்லை. அக்கா மேல் ஒரு சொல் சத்தமாகச் சொன்னதில்லை.

அவர்களுக்குக் குழந்தை இல்லை. வருஷங்கள் போயின, வளைகாப்பு என்ற பேச்சே எழவில்லை. அந்தப் படத்தின் தோஷம் விடவில்லை என்றார்கள் சொந்தக்காரர்கள். கோயில் கோயிலாகப் போகச் சொன்னார்கள், அக்கா போய்வந்தாள். சாபம் என்று ஒருத்தி வீட்டுக்குள்ளேயே வந்து சொன்னபோது, சின்ன மாமா சட்டை பட்டனைப் போட்டுக்கொண்டே அறையை விட்டு வெளியே வந்தார். "கோளாறு எனக்குத்தான். டாக்டரு சொல்லிட்டாரு. அவள ஒண்ணும் சொல்லாதீங்க" என்றார். அதன் பிறகு அந்தப் பேச்சு அவர் பக்கம் திரும்பியது. ஷிப்டில், டீக்கடையில், எல்லா இடத்திலும்.

என் கல்யாணத்துக்கு முன்னால் ஒரு நாள் அக்கா என்னைத் தனியாகக் கூட்டிப்போய் வளையல் போட்டுவிட்டாள். மாப்பிள்ளை வெளியூர், எந்தச் சொந்தமும் இல்லை. அதற்காக வீட்டில் ஒரு வருஷம் சண்டை போட்டது அவள்தான்.

"மாமாவுக்கு நெஜமாவே கோளாறாக்கா?" என்று கேட்டேன்.

"அவருக்கு ஒரு கோளாறும் இல்ல." என் மணிக்கட்டில் வளையலைத் தள்ளிக்கொண்டே சொன்னாள். "மொத வாரமே அவர்கிட்ட சொல்லிட்டேன். அந்த டப்பாலருந்து இனிமே எடுக்க வேணாம்னு. எழுந்து போய்த் தண்ணி குடிச்சிட்டு வந்தாரு. அப்புறம் சரின்னாரு."

வளையல் கைக்குச் சின்னதாக இருந்தது, சோப்பு போட்டு ஏற்றினாள்.

அப்பா ரிட்டயர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு வடலூர் பக்கம் வீடு கட்டிக்கொண்டு போனார்கள். பரணிலிருந்து டிவிடி பிளேயரை எடுத்தபோது புடவைக்குள் எலி குட்டி போட்டிருந்தது, அப்படியே குப்பையில் போட்டோம். அப்பாவுக்கு இப்போது காது சுத்தமாக மந்தம். மிஷின் வாங்கித் தருகிறோம் என்றால் கோபம் வரும். தம்பிக்கு மீசை முளைத்துவிட்டது. அவனும் அக்காவும் கையாலேயே பேசுவார்கள். அவ்வளவு வேகமாக, அவ்வளவு சிரிப்போடு, வீட்டில் வேறு யாரும் பேசிக்கொள்வதில்லை.

போன பொங்கலுக்கு நான் போயிருந்தேன். சாப்பிட்ட பிறகு எல்லாரும் கூடத்தில் இருந்தோம். தம்பி ஒவ்வொரு சேனலாக மாற்றிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினான். தீவு, வெள்ளைக் கோட்டு, கண்ணாடித் தொட்டி. எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அம்மாவுக்கும் தெரிந்தது. அவள் எழுந்து அடுப்படிக்குள் போனாள், அங்கே ஒரு வேலையும் இல்லை.

அக்கா முந்திரிப்பருப்பில் ஒட்டியிருந்த தோலை உரித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். தொட்டி உடைந்தது. அந்தப் பிள்ளை வாயைத் திறந்தது. தம்பி அவள் முழங்காலைத் தட்டிக் கையால் கேட்டான், அது ஏன் வாயைத் திறந்துகொண்டே இருக்கிறது என்று. அக்கா பருப்பைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைத் தொட்டுக் காட்டினாள். பசிக்கிறதாம். தம்பி அதைப் பார்த்து, பாவம் என்று உதட்டைச் சுழித்தான்.

அப்பா நாற்காலியை டிவிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். கொஞ்ச நேரம் உன்னிப்பாகப் பார்த்தார். முகத்தில் குழந்தை மாதிரி ஓர் ஆர்வம்.

"நல்லா இருக்குதே! என்னா படம்மா இது? நாம பாத்ததே இல்லியே."

அவர் விளையாடவில்லை. நான் அவர் முகத்தையே பார்த்தேன், அதில் ஒன்றும் இல்லை.

"இல்லப்பா" என்றாள் அக்கா. "நாம பாத்ததில்ல."

"ஒண்ணும் கேக்கல, கொஞ்சம் சத்தமா வை."

அக்கா தம்பியின் கையிலிருந்து ரிமோட்டை வாங்கினாள். அப்பாவுக்குக் கேட்கும் வரைக்கும் சத்தத்தைக் கூட்டினாள்.